வண்டி நின்றது, ஆயில் நிற்கவில்லை

ஆயுத பூஜை அன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தெருக்களில் நடந்து போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு வருஷக் கணக்கில் நின்ற வண்டிகள் அன்றைக்கு வெளியே வரும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதில் ஒரு புல்லட் இருந்துவிட்டால் போதும். கூட்டத்தில் யாராவது ஒரு மாமா, "சும்மா ஒரு உதை உதைச்சுப் பாருடா, ஸ்டார்ட் ஆவுதான்னு பாப்போம்" என்பார்.

உதைத்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதுதான் பிரச்சினையே! பழைய புல்லட் அவ்வளவு சாதாரணமாகச் சாகாது. பெட்ரோல் மாற்றி, பிளக்கைத் துடைத்து, பாயிண்ட்டைத் தேய்த்துவிட்டால் பத்து வருஷம் நின்ற வண்டிகூட 'டப் டப்' என்று கிளம்பிவிடும். வீடே கை தட்டும். தாத்தா வாங்கிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி, இப்போது பேரன் கையில் உயிர் பெற்றுவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த முதல் சில நிமிடங்களில் எஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் காய்ந்த நிலையில் உரசிக்கொண்டிருக்கலாம். வெளியே அது தெரியாது. சில நாள் கழித்து "உள்ளே ஏதோ தட்டுது" என்று மெக்கானிக்கிடம் போகும்போதுதான் தெரியும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதா என்பதைவிட ஆயில் ஓடியதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதை எப்படிப் பார்ப்பது என்று பார்ப்போம்.

எந்த புல்லட்?

1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. வடசென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. போகப் போக எல்லாமே இங்கேயே தயாரானது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே டிசைன் தொடர்ந்தது. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரகடத்தில் இருக்கும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013-ல் வந்தது.

ஒரகடத்தில் தயாராகும் வண்டிகளைப் பற்றிய கட்டுரை அல்ல இது. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று ஓடிய அந்தப் பழைய புல்லட்டைப் பற்றியது. 2010 வாக்கில் அந்த எஞ்சினின் காலம் முடிந்தது. அதற்குப் பின் வந்த எஞ்சின்களின் ஆயில் அமைப்பே வேறு. அவற்றுக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தாது.

கிணறும் தொட்டியும்

பழைய புல்லட் எஞ்சின் 'டிரை சம்ப்' வகை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

கிராங்க் சுற்றும் அறைக்குப் பின்னாலேயே, அதே வார்ப்புக்குள், ஆயிலுக்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. அதுதான் டாங்க். வெளியே தனியாகத் தெரியாது. சுமார் இரண்டேகால் லிட்டர் ஆயில் அதில் இருக்கும். வலது பக்கம் டைமிங் கவருக்குள் இரண்டு சின்ன பம்புகள். ஒன்று டாங்கிலிருந்து ஆயிலை எடுத்து, ஃபெல்ட் ஃபில்ட்டர் வழியாக கிராங்கின் முனைக்குள் தள்ளும். அங்கிருந்து ஆயில் கிராங்குக்குள் உள்ள துளை வழியாக பிக் எண்ட் பேரிங்குக்குப் போகும். அங்கே வழிந்து தெறிக்கும் ஆயில்தான் சிலிண்டர் சுவரையும் பிஸ்டனையும் நனைக்கிறது. கடைசியில் கிராங்க் அறையின் அடியில் சேருகிறது.

இரண்டாவது பம்ப் அடியில் சேர்ந்ததை உறிஞ்சி டாங்குக்குத் திருப்பி அனுப்பும். போகிற வழியில் ஒரு பகுதி, வெளியே தெரியும் மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறி சிலிண்டர் ஹெட்டில் உள்ள ராக்கர்களுக்குப் போகும். இந்த இரண்டாவது பம்ப் முதல் பம்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆயிலை எடுக்கக்கூடியது. அப்படி இருந்தால்தான் கிராங்க் அறையில் ஆயில் தேங்காது.

இந்தக் கடைசி இரண்டு வரிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிற்கும்போது என்ன ஆகிறது?

வண்டி நிற்கிறது. ஆயில் நிற்பதில்லை. டாங்கில் உள்ள ஆயிலின் மட்டம் உயரத்தில் இருக்கிறது. பம்புகளில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆயில் கிராங்க் அறைக்கு இறங்கும். ஒரு வாரத்தில் கொஞ்சம், பல மாதத்தில் பாதி, வருஷக் கணக்கில் என்றால் கிட்டத்தட்ட மொத்தமும். ஆங்கிலத்தில் இதை 'வெட் சம்பிங்' என்பார்கள்.

அப்படியானால் எஞ்சின் ஆயிலில் ஊறிக்கொண்டுதானே இருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஆயில் இருக்கும் இடம் கிராங்க் அறையின் அடி. ஆயில் தேவைப்படும் இடம் பிக் எண்டுக்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவே உள்ள துளைகளிலும் ஃபில்ட்டர் அறையிலும் இருந்த ஆயில் வடிந்து, காற்று உட்கார்ந்திருக்கும்.

பல பழைய புல்லட்களில் பிக் எண்டில் பந்தோ உருளையோ கிடையாது. 'ஃப்ளோட்டிங் புஷ்' என்று ஒரு வளையம். கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே அது மிதந்தபடி சுற்றும். உள் பக்கமும் ஆயில் வேண்டும், வெளிப் பக்கமும் ஆயில் வேண்டும். ரோலர் பேரிங் கொஞ்ச நேரம் ஆயில் இல்லாமல் தாக்குப் பிடிக்கும். இது பிடிக்காது. காய்ந்துபோனால் புஷ் பின்னோடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எஞ்சினை முழுசாகப் பிரித்து, கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, மறுபடி சேர்த்து, கோணல் பார்த்து... பெரிய வேலை, பெரிய செலவு.

இதோடு நம் ஊர் ஈரமும் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பகலில் சூடாகி இரவில் குளிரும் உலோகத்துக்குள் ஈரம் படியும். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் போன இடத்தில் துரு பிடிக்கும். ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும்.

டிப்ஸ்டிக் சொல்லும் பொய்

ரொம்ப நாள் நின்ற வண்டியில் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி இருக்கும். ஆயில் எங்கேயும் போகவில்லை, கிராங்க் அறைக்கு இறங்கியிருக்கிறது என்பது தெரியாதவர்கள் உடனே கடைக்கு ஓடி இரண்டு லிட்டர் வாங்கி ஊற்றிவிடுவார்கள். இப்போது எஞ்சினில் நாலு லிட்டருக்கு மேல் இருக்கிறது! ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் கொசு மருந்து வண்டி மாதிரி புகை. ப்ரீதர் குழாய் வழியாக ஆயில் பீய்ச்சும். "ரிங் போயிடுச்சு போல" என்று அவசரப்பட்டு எஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு. ரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே முதல் விதி: நின்ற வண்டியில் டிப்ஸ்டிக்கை நம்பாதே. அடியில் உள்ள பிளக்குகளைக் கழற்று.

உதைப்பதற்கு முன்

1. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒன்றிரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊற்ற வேண்டும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடலாம். ரிங்குகளைச் சுற்றி ஆயில் இறங்க நேரம் வேண்டும்.

2. மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றால் கிக்கர் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் ஒரு ராத்திரி. பொறுமைதான் இங்கே ஸ்பேனர்.

3. எஞ்சின் அடியில் கிராங்க் அறைக்கும் டாங்குக்கும் உள்ள பிளக்குகளைக் கழற்றி, பழைய ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் பிடிக்க வேண்டும். சாக்கடையில் விடாதீர்கள். அந்த ஆயில் ஒரு மருத்துவ ரிப்போர்ட் மாதிரி. கறுப்பாக இருந்தால் பயமில்லை, வயசான ஆயில். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது ஜிகினா மாதிரி மின்னினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. அப்போது அதற்கு மேல் போகாமல் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம்.

4. வலை ஃபில்ட்டரை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். ஃபெல்ட் ஃபில்ட்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். விலை அதிகமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் பழைய புல்லட் சாமான் கேட்கலாம்.

5. புது ஆயில், பொதுவாக 20டபிள்யூ-50, டாங்கில் ஊற்ற வேண்டும். நிறைய பேர் விட்டுவிடும் ஒரு வேலை: ஃபில்ட்டர் அறையையும் ஆயிலால் நிரப்பிவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும். காலியாக மூடினால் பம்ப் முதலில் அந்த அறையை நிரப்பிய பிறகுதான் கிராங்குக்கு அனுப்பும். பம்ப் கிராங்கைவிடப் பல மடங்கு மெதுவாகச் சுற்றுவது. அது நிரப்பும் வரை பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும்.

சாட்சி கேட்கும் இடம்

இப்போது முக்கியமான கட்டம். ஸ்பார்க் பிளக் இன்னும் வெளியேதான் இருக்கிறது. இக்னிஷன் ஆஃப். பிளக் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும்.

டைமிங் கவரில் இரண்டு பம்புகளுக்கும் நடுவே ஃபீட் பிளக் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பாதி தளர்த்திவிட்டு கிக்கரை மெதுவாக, முழுசாக, திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். முதலில் ஒன்றும் வராது. பிறகு குமிழ் வரும். பிறகு குமிழ் இல்லாமல் ஆயில் கசியும். ஒரு உதைக்கு கிராங்க் சில சுற்றுகள்தான் சுற்றும். பம்ப் அதில் ஒரு சின்னப் பங்குதான் நகரும். எனவே பத்து உதைக்கு வரவில்லை என்று சலித்துக்கொள்ளக் கூடாது. ஆயில் வந்ததும் பிளக்கை இறுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் உதைத்தால் கிராங்குக்குள் உள்ள துளைகளும் நிரம்பும்.

அதன் பிறகுதான் ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, அந்தப் பழைய சடங்குப்படி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டக் கூடாது. மெதுவான ஓட்டத்தில் வைத்துக்கொண்டு ராக்கர் குழாயின் மேல் முனையில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அங்கே ஆயில் நனைந்து வர வேண்டும். ஓரிரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

இங்கே ஒரு உரையாடல் எந்த ஷெட்டிலும் கேட்கக் கிடைக்கும்.

"அண்ணே, மேல ராக்கர்ல ஆயில் வருது. அப்போ சர்குலேஷன் ஓகேதானே?"

"மேல வர்றது இருக்கட்டும் தம்பி. கீழ போச்சான்னு பாத்தியா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளம். ராக்கருக்குப் போகும் ஆயில் இரண்டாவது பம்பிலிருந்து, அதாவது அடியில் தேங்கியதைத் திருப்பி எடுக்கும் பம்பிலிருந்து வருகிறது என்று முன்னாலேயே பார்த்தோம். நின்ற வண்டியில் கிராங்க் அறை நிறைய ஆயில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதை வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் இரண்டாவது பம்ப் ஜோராக அதை அள்ளி மேலே அனுப்பும். ராக்கரில் ஆயில் வழியும். பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார். அதே நேரம் முதல் பம்பில் காற்று அடைத்துக்கொண்டு பிக் எண்டுக்கு ஒரு சொட்டுகூடப் போகாமல் இருக்கலாம். ராக்கர் ஆயில் இரண்டாவது பம்புக்கு மட்டும்தான் சாட்சி. முதல் பம்புக்குச் சாட்சி அந்த ஃபீட் பிளக். இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

இன்னொரு மறைவான இடமும் உண்டு. டைமிங் கவரிலிருந்து கிராங்கின் முனைக்குள் ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது கார்க். பல வருஷம் காய்ந்தால் கார்க் சுருங்கும். அப்போது பம்ப் நன்றாக வேலை செய்யும், ஃபீட் பிளக்கிலும் ஆயில் வரும், ஆனால் கிராங்குக்குள் போக வேண்டிய ஆயில் அந்த இடுக்கில் நழுவி டைமிங் அறைக்குள் வழிந்துவிடும். ஆகவே ரொம்ப வருஷம் நின்ற வண்டி என்றால் டைமிங் கவரைக் கழற்றி இந்தச் சீலை மாற்றிவிடுவதுதான் மனசுக்கு நிம்மதி. எஞ்சினிலேயே மிகச் சின்ன, மிக மலிவான சாமான்களில் இதுவும் ஒன்று. இது போனால் போவது கிராங்க்.

மற்ற வண்டிகள்

பி.எஸ்.ஏ., டிரயம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகளில் ஆயில் டாங்க் சீட்டுக்குக் கீழே தனியாக இருக்கும். மூடியைத் திறந்தாலே திரும்பி வரும் குழாயின் வாய் தெரியும். ஆயில் ஒரே சீராக வராமல் காற்றோடு விட்டு விட்டுத் துப்பினால் கவலை வேண்டாம். திருப்பி எடுக்கும் பம்ப் பெரியது என்பதால் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதுவும் திரும்பி வரும் ஆயில்தான் என்பதை மறக்கக் கூடாது.

மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் 175 எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவது. அங்கே பம்பும் இல்லை, சர்குலேஷனும் இல்லை. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, சரியான அளவில் கலந்து ஊற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டால் போதும்.

வெள்ளத்தில் நின்றவை

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகள் மூழ்கியபோது எத்தனையோ வண்டிகள் ஹேண்டில்பார் வரை தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிக்கு மேலே சொன்னதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதாது. கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி வடித்து, பால் நிறம் போகும் வரை மாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு

ஸ்டார்ட் செய்து, ஆயில் இரண்டு இடத்திலும் வந்து, தட்டும் சத்தம் இல்லை என்றால் முதல் ஓட்டம் சின்னதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் டிப்ஸ்டிக் உண்மை சொல்லும். சில பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றிவிட்டால் உள்ளே கரைந்த பழைய அழுக்கும் வெளியே வந்துவிடும்.

மறுபடி நிறுத்தி வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வாரம் ஒரு தடவை நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து ஆஃப் பண்ணுவது வண்டிக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2020 ஊரடங்கில் பலரும் அதைத்தான் செய்தார்கள். எஞ்சின் எரியும்போது நீராவி உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடானால்தான் அது வெளியேறும். இரண்டு நிமிடத்தில் சூடாகாது. நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் சேரும். ஸ்டார்ட் செய்தால் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். முடியாதென்றால் பிளக்கைக் கழற்றி கிக்கரைச் சில தடவை அழுத்தி ஆயிலை மட்டும் நகர்த்திவிட்டு விட்டுவிடலாம்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. திருவொற்றியூரின் முதல் இருபது வருஷ புல்லட்கள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. காகிதத்தில் அவற்றுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் கிடைக்க வேண்டியது ஒரு ஸ்பேனரும், ஒரு ராத்திரி பொறுமையும், ஃபீட் பிளக்கில் வரும் அந்த முதல் சொட்டும்.